முதுகுத்துணி

முதலில் அந்தக் கொம்பை அழித்துவிடம்மா. எங்களுக்குக் கொம்பு கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பல்லையும் கொஞ்சம் சின்னதாக்கு. இவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிக் கஞ்சி குடிப்பது?

கோபமில்லை. நூழிலர் என்றால் சண்டைக்காரர்கள், சண்டைக்காரர்கள் என்றால் கொம்பும் பல்லும். பூமியில் அப்படித்தான் நினைப்பீர்கள் போலிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்கிறாய். அப்படியென்றால் சரியாக வரைய வேண்டும். பிள்ளைகள் ஒருமுறை பார்த்ததை மறக்கமாட்டார்கள். உட்கார். இந்த மூடுபனி விலகாமல் படகு வராது. அதுவரை நான் இந்தத் துறையில்தான் இருப்பேன். என்னைப் பார்த்தே வரைந்துகொள். கிழவிதான், ஆனாலும் உருவத்தில் குறையில்லை.

இந்த மூட்டையை மட்டும் வரையாதே. இது உருவத்தில் சேராது.

உயரம் சரி. நிறம் சாம்பல், மழையில் நனைந்த அடுப்புச் சாம்பல் போல, கொஞ்சம் இருட்டாக. பிறக்கும்போது எங்களுக்கும் உங்களைப்போல மெத்தென்ற தோல்தான். நடக்கத் தொடங்கும் வயதில் ஓடு கட்டும். மார்பில் சின்னச் சின்னதாக, மீன் செதில் போல அடுக்கடுக்காக. முதுகில் அப்படியில்லை. பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே ஓடு. கேடயம் மாதிரி.

கழுத்தை ஏன் இப்படி மெலிதாகப் போட்டிருக்கிறாய்? எங்கள் கழுத்து திரும்பாது. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். களத்தில் அப்படித் திரும்பினால், அது ஓட்டத்தின் முதல் அடி. அதனால் முன்னால் இருப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதைப் பெருமையாகவே எழுதிக்கொள்.

காதைத் தேடாதே. பாதத்தில் இருக்கிறது. தரைவழியாகத்தான் கேட்போம். இந்தப் பலகையில் நீ காலை மாற்றிப் போடுவதுகூட எனக்குக் கேட்கிறது.

கண்ணீர் கிடையாது. உங்கள் ஆள் ஒருவர் அழுது ஒருமுறை பார்த்திருக்கிறேன். முகமெல்லாம் நீர் ஒழுகியது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எங்களுக்குத் துக்கம் வந்தால் மார்பு ஓடுகள் ஒன்றோடொன்று தட்டும். காய்ந்த இலையில் தூறல் விழுகிற சத்தம். குழந்தைகளுக்கு வரும். புதிதாகத் துக்கம் கண்டவர்களுக்குச் சில நாள் வரும். என் வயதில் வரக்கூடாது.

இதுவா? இது குளிர். கடல்காற்றுக்கு ஓடு தட்டத்தான் செய்யும்.

அந்தக் கஞ்சிக்கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான் பார். கண்டுகொள்ளாதே. நான் வரும்போதே கேட்டான். "என்ன பெரியம்மா, இன்னிக்காவது படகு ஏறுவீங்களா, இல்ல வழக்கம்போலக் கஞ்சி குடிச்சிட்டுத் திரும்பிடுவீங்களா?" அவனுக்கென்ன, வாய். நான் என்ன வேண்டுமென்றா திரும்பிப் போனேன்? முதல் தடவை காற்று சரியில்லை. அடுத்த தடவை படகோட்டிக்கு உடம்பு சரியில்லை. கொஞ்சம் இருமினான், நான்தான் போய்ப் படுக்கச் சொன்னேன். இன்னொரு நாள் நான் வந்துசேர்வதற்குள் படகு போய்விட்டது. முழங்கால் வலி, மெதுவாகத்தானே நடக்க முடியும். இப்படியே ஒரு பருவம் ஓடிவிட்டது. ஆனால் இன்று போயாக வேண்டும். நாளை பெயர்பாடும் நாள்.

அதுவும் உன் புத்தகத்துக்கு வேண்டியதுதான். சொல்கிறேன்.

என் பெயர் வேழினி. இந்த ஊருக்குப் புறங்காணி. புறங்காணி என்றால், போரில் இறந்தவர்களின் முதுகைப் பார்த்துச் சொல்கிறவள். இதோ என் முதுகில் தொங்குகிறதே, இது முதுகுத்துணி. எங்களில் இது இல்லாமல் யாரும் வெளியே வரமாட்டார்கள். கணவன் முதுகை மனைவி பார்த்ததில்லை. பிள்ளை முதுகை, ஓடு கட்டியபிறகு, தாய் பார்ப்பதில்லை. தன் முதுகைத் தான் பார்க்க எந்த வழியும் இல்லை. கண்ணாடி இந்த ஊரில் விற்கக் கூடாது.

ஏன் என்றால், புறங்காட்டி ஓடியவனுக்கு முதுகு ஓடு வெளுத்துவிடும். உடம்பே செய்வதுதான். பின்னால் அடி விழும் என்று தெரிந்தால், அந்த ஓடு தன்னைத் தடிப்பாக்கிக்கொண்டு வெளுக்கும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நின்று போரிட்டவனுக்குச் சாம்பல் நிறம் மாறாது. களத்தில் விழுந்தவனைக் கொண்டுவந்ததும் நான் துணியை அவிழ்த்துப் பார்ப்பேன். சாம்பல் என்றால் அந்த ஓட்டை எடுத்து மலைச்சுவரில் பதிப்போம். ஆண்டுக்கு ஒருநாள் சுவருக்கு முன்னால் நின்று, பதித்திருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் பாடுவோம். வெள்ளை என்றால், புறங்காணி தன் கையால் அதைப் படகில் கொண்டுபோய் நடுக்கடலில் போட வேண்டும். போட்டபிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. பெற்றவளும் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் இன்னொரு பிள்ளையும் பிறக்கக் கூடாது.

போடுகிறவரை சொல்லலாம்.

துடரன். என் மகன் பெயர் துடரன். சொல்லிப் பார், வாயில் நன்றாக நிற்கும். துடரன்.

மூட்டையில் இருப்பது அவன் ஓடுதான். நாளை பாட்டுத் தொடங்குவதற்குள் ஒவ்வோர் ஓடும் சுவரில் இருக்க வேண்டும், இல்லை கடலில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கக் கூடாது. அதுதான் இன்று போயாக வேண்டும் என்றேன்.

நீ ஏன் வரைவதை நிறுத்திவிட்டாய்? வரை. வரலாறு வேண்டும் என்றாயே, அதையும் கேள்.

எங்கள் வரலாற்றில் தோல்வி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வெல்லாமல் களத்தை விட்டு உயிரோடு வந்தவனுக்கு நாக்கு இல்லை என்பது எங்கள் சட்டம். அவன் பேச்சு சபையேறாது. வென்ற போரைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கும். தோற்ற போர் என்று ஒன்று நடந்திருந்தால், அதைச் சொல்ல ஆளில்லை. அதனால் தோல்வி கிடையாது. நீ சிரிக்கிறாய். உங்கள் வரலாற்றை யார் எழுதினார்கள்?

இந்தக் கசப்புக் கடலோரம் எங்கள் பிறந்த மண் இல்லை. மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு நகரம் இருந்தது. மேட்டுநிலத்தார் அதைக் கொளுத்தினார்கள். அன்றிரவே ஊர் முழுதும் கிளம்பி, மலையைக் கடந்து இங்கே வந்தோம். அதைப் பெரும் இடமாற்றம் என்று சொல்வோம். ஓட்டம் இல்லை அம்மா, இடமாற்றம். எழுதும்போது சொல் மாறிவிடாமல் பார்த்துக்கொள்.

நான் அதில் வந்தவள். நன்றாக நினைவிருக்கிறது. துடரனுக்கு அப்போது ஓடுகூடக் கட்டவில்லை. ஒரு கையில் என் கணவரின் கேடயம். அவர் நகர வாசலிலேயே விழுந்துவிட்டார். மறுகையில் கண் தெரியாத என் மாமியார். பிள்ளையை எங்கே வைப்பது? சேலைத்துணியால் முதுகில் கட்டிக்கொண்டேன். வானமெல்லாம் தீக்கங்கு பறக்கிறது. அவன் முதுகில் தூங்குகிறான். மலை ஏறி இறங்கும்வரை தூங்கினான். பிடரியில் அவன் மூச்சு சூடாகப் படும். அது நிற்கிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்க்க முடியாதே. அந்த மூச்சு ஒன்றுதான். எல்லாப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். முதுகில் பிள்ளையோ, கிழவனோ, ஏதோ ஒன்று.

இங்கே வந்து குடிசை போட்டதும் சபை கூடியது. முதுகுத்துணி கட்டும் வழக்கம் அந்த ஆண்டு வந்ததுதான். மரியாதைக்காக. பிள்ளையை இனி மார்போடுதான் சுமக்க வேண்டும், முதுகில் கட்டக் கூடாது என்பதும் அந்த ஆண்டுச் சட்டம்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் படுத்துச் சாகிறவர்களைத் துணி அவிழ்க்காமலே புதைப்பது என்றும் அப்போதுதான் முடிவாயிற்று. புறங்காணுவது களத்தில் விழுந்தவர்களுக்கு மட்டும். எல்லாம் சீராக அமைந்துவிட்டது. நல்ல சபை அது.

துடரனைப் பற்றிக் கேட்கமாட்டாயா? சரி, நானே சொல்கிறேன்.

இந்தப் பருவத் தொடக்கத்தில் கணவாயில் போர். எங்கள் ஆட்கள் எல்லாரும் கணவாயின் உச்சியில் விழுந்து கிடந்தார்கள், முகம் மேற்கே பார்க்க. இவன் மட்டும் இந்தப் பக்கம், அடிவாரத்தில், ஓடையோரம் கிடந்தான். முகம் எங்கள் ஊரைப் பார்த்து. விலாவில் அம்பு. பக்கத்தில், ஒரு பாறை நிழலில், முரசு அடிக்கும் ஆரிடன் உயிரோடு கிடந்தார். வயதானவர். இரண்டு காலும் நசுங்கியிருந்தன.

என் முன்னால் துடரனைக் கிடத்தினார்கள். வேறு புறங்காணி இந்த ஊரில் இல்லை. துணியை அவிழ்த்தேன். வெள்ளை.

மகன் என்பதால் விளக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னேன். கைவைத்துத் தடவியும் பார்த்தேன். என் வேலையில் நான் குறை வைப்பதில்லை. முழு முதுகும் வெள்ளையில்லை, உண்மைதான். நடுவில் வெள்ளை. தோளிரண்டிலும் இரண்டு பட்டையாக வெள்ளை, முன்னால் கழுத்தெலும்புவரை வந்து முடிகிறது. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம். மற்ற இடமெல்லாம் சாம்பல். யாரோ மேலே சாய்ந்துகொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டால் எங்கெல்லாம் படுமோ, அங்கெல்லாம். ஆனால் சட்டத்தில் வடிவத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே. நிறத்தைத்தான் கேட்கிறது. நான் நிறத்தைச் சொன்னேன்.

சபையில் ஆரிடன் வாயைத் திறந்தார். "அவன் ஓடலை. என்னைத் தூக்கிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். நாக்கில்லாதவர் என்று உட்காரவைத்துவிட்டார்கள். உட்காரவைப்பதென்ன, அவர் நிற்கவா முடியும்? நானும் பிறகு யோசித்தேன். நசுங்கிய காலோடு உச்சியிலிருந்து ஓடைவரை எப்படி வந்திருப்பார்? ஊர்ந்து வந்திருப்பார். மனது வைத்தால் ஊர்ந்து வரலாம். பாறை வழிதான். இருந்தாலும் வரலாம்.

குளிர் கூடுகிறது. நீயும் போர்த்திக்கொள்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என் குறையெல்லாம் என் மருமகளைப் பற்றித்தான். நெய்மி என்று பெயர். துடரன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது. கைப்பிள்ளைக்காரி, பெண் குழந்தை. வீட்டில் நடந்தது நடந்துவிட்டது, அடங்கி இருக்க வேண்டாமா? வெள்ளை முதுகுக்காரனின் வீட்டுக்குச் சபை படியளப்பதில்லை. அதனால் வலை இழுக்கும் வேலைக்குப் போனாள். அதுவரை சரி. வலைக்கு இரண்டு கையும் வேண்டுமாம். பிள்ளையைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டாள்.

நான் சொன்னேன், "பிள்ளையை முன்னால கட்டு. ஊர் பாக்குது."

"முன்னால கட்டினா வலை பிள்ளை மூஞ்சியில உரசுது அத்தை. ஊருக்கு வலிக்கலையே."

சில நாள் கழித்து வாசலில் வந்து நின்றாள். துணி இல்லை. வெறும் முதுகு. என்னிடம் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளுக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம், குழந்தையின் வயிறு படும் இடம்.

"தொட்டுப் பாருங்க அத்தை. நான் எந்தக் களத்துல ஓடினேன்?"

"முதுகைக் காட்டிக்கிட்டு என்கிட்ட பேசாதே. திரும்பு."

"திரும்பிட்டா நீங்க எப்படிப் பாப்பீங்க? இது ஓடின வெள்ளையில்ல அத்தை. சுமந்த வெள்ளை. உசிருள்ள ஒண்ணைச் சுமந்தா வெளுக்குது. உங்க பிள்ளை சுமந்துட்டு வந்திருக்கார். நீங்களே கையால தடவிப் பாத்தீங்க."

உள்ளே போய்விட்டேன். அடுப்பில் வேலை இருந்தது.

அன்றிலிருந்து இந்தப் பருவம் முழுதும் துணியில்லாமல்தான் நடக்கிறாள். கடைத்தெருவில், கிணற்றடியில், சபை வாசலில். அந்த வெள்ளை நாளுக்கு நாள் விரிகிறது. பிள்ளை வளர வளர அதுவும் வளர்கிறது. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, களத்துக்கே போகாதவளுக்கு எப்படி வெளுத்தது என்று சபையில் கேட்டார்கள். தலைவர் கொஞ்சம் யோசித்தார். "எதுலேருந்தோ ஓடியிருக்கா. களத்துலேருந்துதான் ஓடணுமா? மாமியார்கிட்டேருந்தும் ஓடலாமில்ல?" என்றார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?

இன்று காலை நான் மூட்டையோடு கிளம்பும்போது வழியில் நின்றாள். தடுக்கவில்லை. பிள்ளை அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. பறிப்பாள் என்று நினைத்து மூட்டையை இறுக்கிப் பிடித்தேன். கையைக்கூட நீட்டவில்லை.

"போடுறதுன்னா போடுங்க. நான் வழியில நிக்கமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவரைக் கைக்குழந்தையா மலை தாண்டித் தூக்கிட்டு வந்தீங்கன்னு இவர் என்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். எதுல தூக்கிட்டு வந்தீங்க அத்தை?"

அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

"உங்க முதுகை யாராவது பாத்திருக்காங்களா?"

மரியாதைகெட்ட கேள்வி. ஒரு புறங்காணியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் நடந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அதேதான் மண்டையில். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. அதனால்தான் இன்று சீக்கிரம் வந்துசேர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

பனி விலகுகிறது, பார். தண்ணீர் தெரிகிறது. படகு வரும் சத்தம் எனக்குப் பலகையில் கேட்கிறது. உனக்குக் கேட்க இன்னும் கொஞ்சம் நேரமாகும்.

இங்கே வா அம்மா. நீ வேற்றாள். எங்கள் சட்டம் உன்னைக் கட்டாது. நீ எதைப் பார்த்தாலும் குற்றமில்லை. படம் முழுசாக வேண்டும் என்றாயே, முன்பக்கம் மட்டும் வரைந்தால் எப்படி முழுசாகும்? பின்பக்கம் வா. கஞ்சிக்கடைக்காரன் பார்க்கிறானா? பார்க்கட்டும். தோளில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு. இழுத்தால் வந்துவிடும். பழைய துணி, கிழித்துவிடாதே.

வாயால் சொல்லாதே. நிறத்தைச் சொல்லாதே. எத்தனையோ தாய்மாருக்கு நான் நிறம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள், வரைந்துகொள், அவ்வளவுதான்.

அவிழ்த்துவிட்டாயா? காற்று படுகிறது. இத்தனை வருஷத்தில் அங்கே காற்று பட்டதில்லை.

உன் கால் ஓரடி பின்னால் போனது, எனக்குக் கேட்டது.

சரி.

சரி அம்மா. இரு, கொஞ்சம் உட்காருகிறேன். அந்த வெள்ளை எவ்வளவு பெரிது என்று... வேண்டாம். கையை மட்டும் வைத்துக் காட்டு. எங்கே தொடங்குகிறது? அங்கேயா. எங்கே முடிகிறது? அது அவன் கால். தூங்கும்போது அங்கே உதைத்துக்கொண்டே வருவான்.

படகோட்டி கூப்பிடுகிறான். பாவம், இருமல் இன்னும் போகவில்லை. வேழினி ஏறவில்லை என்று அவனிடம் சொல்லிவிடு. நாளைக்கு வருவாளா என்று கேட்பான். இனி வரமாட்டாள் என்று சொல். சபையில் என்னை என்ன செய்வார்களோ தெரியாது. நாக்கை எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். பெயரைச் சொல்லித் தீர்க்க எனக்கு இன்று பொழுது இருக்கிறது.

துணியைக் கட்ட வேண்டாம். மடித்து உன் பையில் வைத்துக்கொள். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மலைச்சுவருக்கு இங்கிருந்து வேறு வழி கிடையாது. கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். நெய்மி இந்நேரம் கரையில் வலையிழுத்துக்கொண்டிருப்பாள், போகும்போது கூப்பிட்டுக்கொள்கிறேன். ஏணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஓர் உதவி செய். இந்த மூட்டையை எடு. கனமாக இருக்கும், பார்த்து எடு. இப்படி மார்போடு அணைத்தே சுமந்து கை மரத்துவிட்டது.

முதுகில் வை. இன்னும் மேலே. பிடரியில் படும்படி.

ஆமாம், அங்கேதான்.

இதுவா? இது குளிரம்மா. கடல்காற்று. நீ முன்னால் நட.